கரி பிடித்த குடுவை

“குடுவைய எப்பக் கழத்துனிய?”

“பூஜைக்கு மொத நாளு. ஃபர்னஸ் ஆறி ரெண்டு நாளாச்சு, பயப்படாதீய. ஜாயிண்ட்டுக்கு லேசா சூடு காட்டி, ஒரு கீறல் விழாம உருவிட்டேன்.”

“எதுல கழுவுனிய?”

“குரோமிக் ஆசிட்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். அம்புட்டுக் கரிம்மா உள்ளுக்குள்ள. பொறவு குழாத் தண்ணி ஏழு வாட்டி, காய்ச்சி வடிச்ச தண்ணி மூணு வாட்டி. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியல. அம்புட்டுச் சுத்தம்.”

இருளப்பசாமி சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தின் அட்டெண்டர் அவர். பதினோரு வருடமாகத் தினக்கூலி. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அது, காலை பத்து மணி. கட்டடம் முழுவதிலும் நாங்கள் இருவர்தான் இருந்தோம். உலையிலிருந்து வெளியே வரும் கண்ணாடிக் குழாயின் இணைப்பில் கிரீஸ் மிக ஒழுங்காகப் பூசப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, யார் பூசியது என்று போகிற போக்கில் கேட்டேன். அதற்குத்தான் இவ்வளவும் பதிலாக வந்தது.

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, காலையில் சாப்பிடவில்லையா, டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு, வாங்கி வாருங்கள் என்றேன். அவர் வெளியே போனால் போதும் என்று இருந்தது.

உலைக்குள் உட்காரும் அந்தக் குடுவை ஒரு தேங்காய் அளவு இருக்கும். அதைக் கறுப்பாக்க எனக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

என் ஆராய்ச்சி மிகச் சிறிய ஒரு மூலக்கூறைப் பற்றியது. நான்கு கார்பன் அணுக்கள் கைகோத்துச் சதுரமாக நிற்கும் ஒரு வளையம். ஒரு மூலையில் வால்போல இன்னொரு கார்பன். கார்பனுக்கு இயல்பான கோணம் நூற்று ஒன்பது பாகை. சதுரத்துக்குள் அது தொண்ணூறாக மடங்கிக்கொள்ள வேண்டும். அறையின் சூட்டில் அப்படியே எத்தனை காலமும் இருந்துவிடும். நானூறு பாகைக்கு மேல் கொண்டுபோனால் ஒரு பக்கம் அறும். உடனே எதிர்ப்பக்கமும் விட்டுப்போகும். ஒன்று இரண்டு துண்டாகும். துண்டுகள் கூடக் கூடக் குடுவைக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏறப் பக்கத்துக் குழாயில் பாதரசம் ஏறும். பாதரசம் ஏறுவதைக் கடிகாரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. எத்தனை மூலக்கூறுகள் உள்ளே இருந்தாலும் அவற்றில் பாதி உடைய எடுக்கும் நேரம் மாறாது. ஒன்று உடைவதை மற்றொன்று துரிதப்படுத்துவதில்லை. ஒவ்வொன்றும் தன் சூட்டில், தன் நேரத்தில், தனியாக உடைகிறது. முதல் வருடம் இதைப் படித்த நாளில், பேருந்தில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குடுவையின் சுவர் சும்மா இருக்க வேண்டும். புதுக் கண்ணாடி சும்மா இருக்காது. மூலக்கூறு அதில் ஒட்டி, சுவரின் உதவியோடு சீக்கிரம் உடைந்துவிடும். அப்போது நாம் அளப்பது மூலக்கூறை அல்ல, கண்ணாடியை. அதனால்தான் முதலில் குடுவையைப் பழக்குகிறோம். சமையல் வாயுவை நிரப்பி, கடும் சூட்டில் வேகவிட்டு, வெளியேற்றி, மறுபடி நிரப்பி, உட்சுவர் முழுவதும் மெல்லிய கரி படியும்வரை இதையே செய்ய வேண்டும். வார நாட்களில் பஞ்சு மில்கள் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்கும், உலையின் சூடு ஓரிடத்தில் நிற்காது. ஆகவே எனக்கு ஞாயிறுகள்தான். ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில்தான் அந்தச் சுவர் அடங்கியது. பிறகு ஐந்து ஞாயிறுகளில் ஐந்து வெப்பநிலைகள். நானூற்று இருபது முதல் நானூற்று நாற்பதுவரை. ஐந்து புள்ளிகளும் வரைபடத்தாளில் நூல் பிடித்ததுபோல நின்றன. இன்னும் மூன்று வெப்பநிலைகள் இருந்தன.

ஆயுத பூஜை வாரம் நான் ஊரில் இல்லை. சித்திக்குப் பிரசவம் என்று கூமாப்பட்டி போயிருந்தேன். திரும்பி வந்தபோது உலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடு போகாமலிருக்கச் சுற்றிக் கட்டியிருந்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியின்மேல் ஒரு செவ்வந்திச் சரம் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. உலையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறுகளும் நானூற்று ஐம்பதில் ஓட்டினேன். பழைய புள்ளிகளின் கணக்குப்படி பாதி உடையச் சுமார் பதினைந்து நிமிடம் ஆக வேண்டும். ஒன்பது நிமிடத்தில் உடைந்தது. வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று துத்தநாகத்தை உருக்கிச் சரிபார்த்தேன். எங்காவது காற்றுக் கசிகிறதோ என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். மின்சார வாரியத்தைத் திட்டினேன். குடுவைக்குள் உடைக்கும் அந்தப் பொருளை மதுரையில் தோழி ஒருத்தி தயாரித்து, பனிக்கட்டிக்குள் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாள். வாயை உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் மீதி இருந்தவை ஐந்து. அவற்றில் மூன்றை இப்படித் தொலைத்தேன்.

இருளப்பசாமி டீயோடு வந்தபோது அவரிடம் சொன்னேன். கோபப்படாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டே டீ டம்ளரை மேசையில் வைத்தவர், கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

“எங்க வீட்டு அடுப்புல கரி கெடக்கு. கொண்டாந்து தேச்சா ஆகாதாம்மா?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆகாது என்றேன். மறுபடி கரி ஏற்றினால்? ஐந்து மாதம் என்றேன். ஏற்றினாலும், பழைய சுவர் மாதிரியே இருக்கிறதா என்று பார்க்கவே மூன்று குப்பி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. எண்பத்தேழு டிசம்பர் முப்பத்தொன்றோடு பல்கலைக்கழகத்தில் என் பதிவு முடிகிறது, ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடையாது என்பதையும் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். சங்கரலிங்கம் சார்தான் என் வழிகாட்டி. இளவயதில் பெரிய நகரத்தில் இதே மாதிரிக் குடுவையோடு நான்கு வருடம் வேலை செய்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவர். பாதரசக் குழாய், வெற்றிடப் பம்பு, உலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கெஞ்சி வாங்கிச் சேர்த்தவர். அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவரப்போகும் முதல் ஆய்வேடு என்னுடையது. அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இரண்டாவது ஆய்வேடு வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

முழுவதையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வரைபடத்தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அஞ்சு புள்ளியும் ஒரே கோட்டுல உக்காந்திருக்கு. கோட்ட நீட்டும்மா. அம்பதுலயும் அம்பத்தஞ்சுலயும் அறுபதுலயும் எங்க வரும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அந்த மாலிக்யூலுக்கும் தெரியும்.”

“நாம அளக்கலியே சார்.”

“அளந்தது தப்பு. அளக்காதது சரி. நீ எத எழுதப் போற?”

நடந்ததையே எழுதலாம் என்று மெதுவாகச் சொன்னேன். இந்தத் தேதியில் குடுவை கழுவப்பட்டது, சுத்தக் கண்ணாடியில் வளையம் வேகமாக உடைகிறது, அதுவும் ஒரு முடிவுதானே என்றேன். அதற்கு அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். இருபது பாகை இடைவெளிக்குள் ஐந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு ஆய்வேடு என்றால் பரிசோதகர் திருப்பி அனுப்புவார். குடுவையை ஏன் கழுவினார்கள் என்று கட்டாயம் கேட்பார். பூஜைக்கு என்று எழுதுவாயா? சாமி கும்பிடப் போய்ச் சோதனை கெட்டது என்று வெளியூர்க்காரன் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான்.

“லேப்ல ஒரு சாமான் விடாம பளிச்சுனு இருக்கணும்னு சுத்தறிக்கை விட்டீங்களே சார்” என்றேன். அந்தத் தாள் இன்னும் கதவில் ஒட்டியிருந்தது.

மின்விசிறியின் கீழே அவர் மேசைத் தாள்கள் படபடத்தன. அவர் அவற்றின்மேல் கையை வைத்தார்.

“சாமானத்தான் சொன்னேன். ஃபர்னஸத் திறக்கச் சொல்லல. நீ எழுதுறதா இருந்தா எழுது, தடுக்கல. அப்புறம் நானும் ஒண்ணு எழுத வேண்டியிருக்கும்.”

அவர் என்ன எழுதுவார் என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். ஜனவரியில் நிர்வாகக் கமிட்டி கூடுகிறது. மூன்று தினக்கூலிகளில் ஒருவரை நிரந்தரம் செய்கிறார்கள். இருளப்பசாமியின் பெயரைத்தான் அவர் பரிந்துரைத்திருக்கிறார். அனுமதியில்லாமல் ஆராய்ச்சிச் சாதனத்தைத் திறந்தவர் என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் போதும். உனக்காகவும் அவனுக்காகவும்தான் சொல்கிறேன் என்றார். அவர் அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாடி அறையை விட்டு நான் அதிகம் இறங்கவில்லை. கீழே முன்பக்கத்தில் பால்கோவா போடுகிறவர்கள் குடியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பால் வேகும் வாடை ஏறிக்கொண்டே இருக்கும். அக்டோபரிலும் அந்த அறை உலைபோல இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சூடு, மூடினால் இன்னும் சூடு. எப்போது முடியும் என்று அம்மா இப்போதெல்லாம் கேட்பதில்லை. ‘டைப் அடிக்கக் குடுத்தாச்சா’ என்று மட்டும் கேட்பாள். யாராவது வரன் சொல்லிக்கொண்டு வந்தால், டிசம்பர் கழியட்டும் என்று அவளே அனுப்பிவிடுவாள். ஆறு வருடமாக என் பக்கம் நின்று அவளுக்கும் கால் வலித்திருக்கும்.

வரைபடத்தாளை விரித்தேன். அளவுகோலை ஐந்து புள்ளிகளின்மேல் வைத்து, பென்சிலால் கோட்டை நீட்டினேன். அரை நிமிட வேலை. நானூற்று ஐம்பதுக்கு நேரே ஒரு புள்ளி. பதினான்கு நிமிடம் நாற்பது விநாடி. அச்சாக அதுவே வந்திருக்க வேண்டியது, இருளப்பசாமி அந்த இணைப்புக்குச் சூடு காட்டாமல் இருந்திருந்தால். என் கையால் பொய்யாக வைத்த புள்ளி உண்மைக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. கண்ணால் பார்த்து, கடிகாரம் வைத்து, வியர்த்து அளந்த ஒன்பது நிமிடம் எங்கோ எட்டத்தில் தனியாகக் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். புள்ளியை அழித்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை தாளில் நார் எழும்பிவிட்டது.

பரிசோதனை நோட்டின் பக்கங்களுக்கு அச்சடித்த எண்கள் உண்டு. கிழிக்க முடியாது. முதல் நாளில் சார் சொன்னது அது. சோதனை ஓடும் மணிக்கணக்கான நேரத்தில் மடியில் நாவலும் மேசையில் அந்த நோட்டுமாகத்தான் நான் உட்கார்ந்திருப்பேன். பனி கொட்டும் தேசங்களிலிருந்து தமிழுக்கு வந்த நாவல்கள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை பாதரசத்தைப் பார்த்து எழுதிவிட்டு மறுபடி அந்த ஊர்களுக்குப் போய்விடுவேன். இருளப்பசாமி கதை கேட்பார். ஒரு முறை, பனியில் வண்டி நின்றுபோய் எட்டு நாள் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்குள் அடைபட்டவர்களின் கதையைச் சொன்னேன். “எட்டு நாளும் சோத்துக்கு என்ன பண்ணுனாக?” என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை என்றேன். “அதத்தான மொதல்ல எழுதணும்” என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பேனாவை எடுத்தேன். எழுபத்து நான்காம் பக்கம். ‘ஆயுத பூஜைக்காக, துறைத்தலைவரின் சுற்றறிக்கையை ஏற்று, அட்டெண்டர் இருளப்பசாமி குடுவையைக் கழற்றிக் குரோமிக் அமிலத்தில் கழுவினார். எனக்கு இது தீபாவளிக்குப் பிறகே தெரியவந்தது. ஆகவே நானூற்று ஐம்பதில் எடுத்த மூன்று அளவுகளும் கரியற்ற கண்ணாடியில் எடுத்தவை.’ மை காய்ந்தது. கீழே வழிகாட்டி கையெழுத்திடும் கோடு காலியாக இருந்தது. அவர் போடமாட்டார் என்று தெரியும். போடாவிட்டாலும் எழுதியது எழுதியதுதான். அந்தப் பக்கத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்து, ஐந்து புள்ளிகளோடு டிசம்பரில் சமர்ப்பித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று மட்டும் சாப்பிட முடிந்தது.

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பீரோவில் இருந்த மிச்சத் தாள்களை எடுத்துக்கொண்டேன். சார் அங்கே இருந்தார். எழுதிவிட்டாயா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலை ஐந்து மணி இருக்கும். இருளப்பசாமி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சேத்தூரில் அவர் வீடு. இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தண்ணீர் வைத்து வாரியிருந்தார். இதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. காப்பியை நின்றபடியே குடித்து, டம்ளரைத் தானே குழாயில் அலசி வைத்தார்.

தெருமுனைவரை நடந்தோம். சார் கூப்பிட்டுப் பேசினாராம். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கமிட்டி ஜனவரி பதினெட்டு என்றும், மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் ‘நிரந்தரம்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றும் அவராகவே சொன்னார். பிறகு நின்றார்.

“ஒண்ணு கேக்கலாமாம்மா? ஆறு வருஷமா அந்தக் குடுவையப் பத்திக்கிட்டே உக்காந்திருக்கிய. எனக்கு எம்புட்டோ கதை சொல்லியிருக்கிய. அந்தக் கரி இருக்கணும்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?”

சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. குழாய் கழுவுகிறவருக்கு அது எதற்கு என்றுகூட நான் நினைக்கவில்லை. அதை நினைக்கவே இல்லை. எழுபத்து நான்காம் பக்கத்தில், அவரிடம் நான் சொல்லவில்லை என்ற வரி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நடந்ததை முழுதாக எழுதிவிட்டதாக நினைத்திருந்தேன்.

“ஒங்களக் குத்தம் சொல்லல. கேட்டுட்டேன், அம்புட்டுதான்” என்றார். முடியப்போகும் பதிவைப் பற்றி, டிசம்பருக்குள் அந்தப் பக்கத்தோடு ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டியதைப் பற்றி இவருக்கு இப்போதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“சார் அவிய சொல்றாப்புல பொய்ய எழுதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கும் அது ஒவ்வல. நெசம் நெசமாவே இருக்கட்டும். கழுவுனது நாந்தான், எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன். சனவரி பதினெட்டு கழிஞ்ச மறுநா நானே கொண்டாந்து ஒங்க மேசையில வச்சிருதேன். அது வரைக்கும் அந்த நோட்ட எங்கையில குடுத்து வைங்கம்மா.”